அவிழ்க்கப்படாத கனவுகள்: சில வீடியோ கேம்களை முன்வைத்து

வீடியோ கேம்களுக்கு ஓர் இலக்கிய ஆய்விதழில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கலாம். நம் வீடுகளில் கேம் என்றால் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு போனில் சுட்டுக்கொண்டிருப்பதுதான். இரவெல்லாம் விழித்திருந்து சுபஹைத் தவறவிடும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் படும் கவலையை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்பவை வேறு வகை. நம் எழுத்தாளர்கள் சொந்தக் காசில் முந்நூறு பிரதி அச்சடித்துக் கவிதைத் தொகுதி வெளியிடுகிறார்கள் அல்லவா, அதைப்போல ஒருவரோ நாலைந்து பேரோ சேர்ந்து செய்து வெளியிடும் சிறிய கேம்கள் உலகெங்கும் வந்துகொண்டிருக்கின்றன. இண்டி கேம் என்பது அவற்றுக்கு வழங்கும் பெயர். அவற்றுள்ளும் ஒரு கிளை, செய்தவரின் சொந்த வாழ்க்கையையும் கனவையும் பொருளாகக் கொண்டது. வெல்வது, தோற்பது, புள்ளி சேர்ப்பது எல்லாம் அங்கே பெரிய விசயமில்லை. யாரோ ஒருவருடைய கனவுக்குள் நாம் நடந்து திரிகிறோம், அவ்வளவுதான்.

இந்தக் கேம்களை மதிப்பிட ஆங்கில விமர்சனங்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சொல் 'சர்ரியல்'. விளங்காத எல்லாவற்றையும் அந்தச் சொல்லுக்குள் போட்டு மூடிவிடலாம். கனவைப் பற்றிப் பேச நமக்கு அதைவிடக் கூர்மையான சொற்கள் இருக்கின்றன என்பது என் எண்ணம். ஆயிரத்து நானூறு வருடங்களாகக் கனவை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது, எதை அவிழ்ப்பது, எதை விட்டுவிடுவது என்று யோசித்துவந்த ஒரு சமூகம் நாம். அந்த யோசனையைக் கொண்டே இக்கேம்களைப் பார்த்தால் என்ன?

மூன்று வகை, மூன்று கேள்வி

அபூஹுரைரா (ரழி) அவர்களிடமிருந்து முஹம்மத் இப்னு ஸீரீன் அறிவிக்கும் ஹதீஸொன்று கனவுகளை மூன்றாகப் பிரிக்கிறது. ஒன்று அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி. இரண்டாவது ஷைத்தான் தரும் கலக்கம். மூன்றாவது மனிதன் தனக்குத்தானே பேசிக்கொள்வது. முதலிரண்டைப் பற்றியும் மிம்பரில் கேட்டிருக்கிறோம். மூன்றாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பகலில் சொல்ல முடியாததை மனசு இரவில் தனக்கே சொல்லிக்கொள்ளும் இந்த மூன்றாம் வகைதான் நான் பேசப்போகும் கேம்களின் பிறப்பிடம். இவை எதிர்காலத்தைச் சொல்வதில்லை. மறைவான ஞானம் எதையும் கோருவதுமில்லை. நான் ஆலிம் அல்ல, மார்க்கத் தீர்ப்பு சொல்லவும் வரவில்லை. ஒரு வாசகனாக இந்தப் பிரிப்பு எனக்கு உதவுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இப்னு அப்பாஸ் (ரழி) வழியாக வரும் இன்னொரு ஹதீஸ் புஹாரியில் உள்ளது. காணாத கனவைக் கண்டதாகச் சொன்னவர், இரண்டு வாற்கோதுமை மணிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடும்படி மறுமையில் பணிக்கப்படுவார். அவரால் அது முடியவே முடியாது. கனவு விசயத்தில் பொய் இவ்வளவு கடுமையாகப் பார்க்கப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. மற்றச் செய்திகளுக்குச் சாட்சி தேடலாம். கனவுக்குக் கண்டவர் ஒருவர்தான் சாட்சி. ஆகவே அது முழுக்க முழுக்க அமானிதம்.

மூன்றாவது விசயம், யாரிடம் சொல்வது என்பது. ஸூரத்து யூஸுஃபில் பதினொரு நட்சத்திரங்களையும் சூரியனையும் சந்திரனையும் கண்ட பிள்ளைக்கு வாப்பா சொல்லும் முதல் புத்திமதியே, இதை உன் சகோதரர்களிடம் சொல்லிவிடாதே என்பதுதான். நல்ல கனவை நேசிக்கிறவரிடம் மட்டும் சொல்லச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். எங்கள் பக்கத்து மூத்தவர்கள் இதையே தங்கள் பாசையில் சொல்வார்கள்: "கெட்ட கனவு கண்டா ஆருக்கும் செல்ல வாணாம். எடப் பக்கம் துப்பிட்டு, மத்தப் பக்கம் திரும்பிப் படுங்க."

இவற்றிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். இது யாருடைய கனவு? கண்டதைத்தான் சொல்கிறதா? யாரிடம் சொல்கிறது?

ஒரு பெண்ணின் நாட்குறிப்பு

இந்தக் கிளைக்கு வேர் ஜப்பானில் இருக்கிறது. 1998 ஒக்டோபரில் பிளேஸ்டேஷனுக்காக வெளிவந்த 'எல்.எஸ்.டி.: ட்ரீம் எமுலேட்டர்', கலைஞர் ஒஸாமு சாடோ உருவாக்கியது. அதை வெளியிட்டது ஒரு கம்பனி. ஆகவே கண்டிப்பாகப் பார்த்தால் இண்டி கேம் அல்ல. ஆனால் அதன் உள்ளடக்கம் ஒரு தனி ஆளுடையது. அந்தக் கம்பனியில் வேலை செய்த ஹிரோகோ நிஷிகாவா என்ற பெண் பல வருடங்களாக எழுதிவந்த கனவு நாட்குறிப்புத்தான் அடிப்படை.

விளையாடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஒரு ஜப்பானிய வீடு, ஒரு சந்து, ஒரு புல்வெளி. நடக்கலாம். எதையாவது தொட்டால், சுவரில் முட்டினால்கூட, வேறோர் இடத்துக்குத் தூக்கி வீசப்படுவீர்கள். பத்து நிமிசத்துக்குள் கனவு முடிந்துவிடும். இப்படி 365 நாட்கள். சாம்பல் நிற மனிதன் ஒருவன் சில நாட்களில் தூரத்தில் வருவான். அவன் அருகே வந்துவிட்டால் திரை பளிச்சென்று வெளிறி, கண்டதை மீளப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். காலையில் பல் துலக்கும்போது நழுவிப்போகும் கனவை இதைவிட நன்றாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

என் குறை வேறிடத்தில். ஒவ்வொரு கனவு முடிந்ததும் கேம் ஒரு வரைபடத்தைக் காட்டி அதிலே ஒரு கட்டத்தை நிரப்புகிறது. கனவு உற்சாகமா சோர்வா, அசைவா அசைவின்மையா என்று இயந்திரம் தீர்ப்புச் சொல்கிறது. நிஷிகாவா அந்தக் கனவைக் கண்டபோது அவருக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அந்தக் கட்டங்களில் எங்கும் இல்லை. 'லவ்லி ஸ்வீட் ட்ரீம்' என்ற பெயரில் அவருடைய நாட்குறிப்பு தனி நூலாகவும் வந்தது. இருந்தும் உலகம் இந்தக் கேமை சாடோவின் பெயரில்தான் நினைவு வைத்திருக்கிறது. கண்டவர் ஒருவர், புகழ் இன்னொருவருக்கு. முதல் கேள்வியிலேயே இந்தக் கேம் தடுமாறுகிறது.

கேட்க ஆளில்லாத கனவு

2004இல் கிகியாமா என்ற புனைபெயரில் ஒருவர் 'யுமே நிக்கி' என்ற கேமை இலவசமாக வெளியிட்டார். பெயரின் பொருளே கனவு நாட்குறிப்பு. கிகியாமா ஆணா பெண்ணா என்பதுகூட இன்றுவரை வெளியே தெரியாது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் கேம் செய்ய உதவும் ஆர்.பி.ஜி. மேக்கர் என்ற மென்பொருளில் செய்யப்பட்டது. பிந்திய பல கேம்களுக்கு, குறிப்பாக 2020இல் வந்த 'ஓமோரி'க்கு, இதுதான் முன்னோடி.

மடொட்சுகி என்ற சிறுமி தன் அறையை விட்டு வெளியே போக மறுக்கிறாள். கதவருகே கொண்டுபோனால் தலையை ஆட்டிவிடுவாள். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு சின்ன பெல்கனி. தூங்கினால் பன்னிரண்டு கதவுகள் உள்ள ஓர் இடத்துக்குப் போகிறாள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் உலகம். பேச்சு என்பது அநேகமாக இல்லை. விழித்துக்கொள்ள வேண்டுமானால் கன்னத்தைக் கிள்ளிக்கொள்கிறாள். விளையாடியதைச் சேமித்து வைக்க ஒரே வழி, விழித்தெழுந்து மேசையிலிருக்கும் நாட்குறிப்பில் எழுதுவது. எழுதி வைத்தால்தான் மிஞ்சும் என்பதை ஒரு கேம் இவ்வளவு எளிமையாகச் சொல்லியிருப்பது எனக்குப் பிடித்தது.

கண்டதைத்தான் சொல்கிறதா என்ற இரண்டாவது கேள்விக்கு இந்தக் கேம் நேர்மையாக நிற்கிறது. அதில் எதற்கும் விளக்கமில்லை. கிகியாமா எந்தப் பேட்டியிலும் வந்து குறியீடுகளை அவிழ்க்கவில்லை. ஆனால் ரசிகர்கள் சும்மா விடவில்லை. அந்த உருவம் இன்னதைக் குறிக்கும், இந்த நிறம் இன்னதைக் குறிக்கும் என்று பட்டியல் பட்டியலாக எழுதித் தள்ளினார்கள். எனக்கு இது நம் புத்தகக் கடைகளில் தொங்கும் கனவுப் பலன் நூல்களை நினைவூட்டியது. பாம்பைக் கண்டால் இது, பல் விழுந்தால் அது. ஹிஜ்ரி 110இல் பஸராவில் வபாத்தான இப்னு ஸீரீனின் பெயரைத்தான் அட்டையில் போடுவார்கள். அந்த நூல் அவர் எழுதியதல்ல, பிற்காலத்தில் அவர் பெயரில் தொகுக்கப்பட்டது என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. கனவைப் பட்டியலால் அவிழ்க்க முடியாது என்பது இரண்டு இடத்துக்கும் பொருந்தும். யூஸுஃப் (அலை) அவர்கள் சிறையில் இருவருடைய கனவுகளையும் முதலில் முழுவதும் கேட்டார்கள், பிறகுதான் சொன்னார்கள்.

முடிவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எல்லாக் கனவுகளையும் கண்டு முடித்த பிறகு அந்தச் சிறுமி பெல்கனியில் ஏறுகிறாள். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள் என்றே பெரும்பாலானோர் விளங்கிக்கொள்கிறார்கள். நம் மார்க்கத்தில் அது எவ்வளவு பெரிய பாவம் என்பதை இங்கே சொல்லித் தெரியவேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இந்தக் கேமைத் தனியே கொடுக்கவும் மாட்டேன். ஆனால் ஏன் அப்படி முடிகிறது என்று மூன்றாவது கேள்வியோடு பார்த்தால் ஒன்று தெரிகிறது. அவள் எல்லாவற்றையும் எழுதினாள், யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அந்த வீட்டில் ஆளே இல்லை. நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், ஆனால் ஒரு வார்த்தை பதில் சொல்ல நமக்கு வழியில்லை. கேட்பவர் இல்லாத கனவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எச்சரிக்கையாக இந்த முடிவை வாசிக்கலாம். பிள்ளையைத் தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் அந்தப் பேச்சு அங்கே தொடங்கும்.

இல்லாத ஒரு முஸ்லிம் கவிஞர்

இனி நமக்குக் கிட்டிய ஊர். குஜராத்தின் சாலா என்ற சிற்றூரில் இயங்கும் ஸ்டூடியோ ஓலியோமிங்கஸ், துருவ் ஜானியும் அவரது நண்பர்களும் நடத்துவது. 2018இல் வெளியிட்ட 'எ மியூசியம் ஒஃப் டூபியஸ் ஸ்ப்ளெண்டர்ஸ்', அதாவது சந்தேகத்துக்குரிய மகிமைகளின் அருங்காட்சியகம், இலவசமாகக் கிடைக்கிறது. அறை அறையாக நடக்கிறோம். சாதாரணப் பொருட்கள் அறையை அடைத்துக்கொண்டு பூதாகரமாக நிற்கின்றன. ஒவ்வொன்றோடும் ஒரு சிறுகதை வாசிக்கக் கிடைக்கிறது. அந்தக் கதைகள் மீர் உமர்ஹசன் என்ற குஜராத்திக் கவிஞருடையவை என்று கேம் சொல்கிறது. அப்படி ஒரு கவிஞர் வாழவில்லை. அவர் ஸ்டூடியோவின் கற்பனை.

இங்கே வாற்கோதுமை ஹதீஸ் நேரே முன்னால் வந்து நிற்கிறது. இல்லாத ஒருவரின் நினைவுகளை இருப்பதாகக் காட்டுவது என்ன வகை? புனைகதை பொய்யல்ல என்பதை நாம் ஏற்றுக்கொண்டுதான் சிறுகதை வாசிக்கிறோம். தலைப்பிலேயே 'சந்தேகத்துக்குரிய' என்று சொல்லிவிட்டதால் அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை என்றும் வாதாடலாம். அதோடு ஓர் ஆழமான குறிப்பும் இதில் உண்டு. காலனியாட்சியும் அதற்குப் பிறகு வந்த அரசியலும் அழித்த வரலாற்றில், ஒரு முஸ்லிம் கவிஞர் இருந்திருக்கக்கூடிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வெறுமையைத்தான் கற்பனை நிரப்புகிறது. 2020இல் இவர்கள் செய்த இன்னொரு கேமில் ஒரு கட்டடத்தை மெல்ல மெல்ல உண்ணும் பாத்திரம் வருகிறது. இடிக்கப்பட்ட கட்டடங்களின் நாட்டில் அதன் பொருள் எவருக்கும் விளங்கும்.

ஆனாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அழகாக இருக்கிறது, அறிவோடு இருக்கிறது; வலி மட்டும் இல்லை. 2002ஐக் கண்ட குஜராத்தில் உண்மையாகவே உமர்களும் ஹசன்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கனவுகள் உண்டு. கற்பனைக் கவிஞருக்குக் கிடைத்த அருங்காட்சியகம் அவர்களுக்கும் கிடைக்கவேண்டும்.

தலையணையைத் தூக்கிக்கொண்டு

சொந்த வாழ்க்கையை முகத்தோடு வைக்கும் கேம் ஒன்று 'பாத் அவுட்'. 2017இல் ஒஸ்திரியாவிலுள்ள ஒரு சிறிய குழுவோடு சேர்ந்து செய்தவர் அப்துல்லாஹ் கரம், 2014இல் சிரியாவை விட்டு வெளியேறிய இளைஞர். பழைய ஜப்பானியக் கேம்களின் சின்னச் சின்னச் சதுரப் படங்களால் ஆன சிரியா அது. நாம் தவறான இடத்தில் கால் வைத்து அப்துல்லாஹ் பாத்திரம் இறந்துபோனால், திரையின் மூலையில் உண்மையான அப்துல்லாஹ் வீடியோவில் வந்து நம்மோடு பகிடி பேசுகிறார். சிரிப்பு வருகிறது, அடுத்த கணம் தொண்டை அடைக்கிறது. யாருடைய கதை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. கண்டவரே பக்கத்தில் இருந்து சொல்கிறார்.

பலஸ்தீனின் நப்லூஸைச் சேர்ந்த ரஷீத் அபூஈதா 2016இல் 'லைலா அண்ட் த ஷேடோஸ் ஒஃப் வோர்' என்ற சிறு கேமை வெளியிட்டார். 2014 காஸா யுத்தத்தில் குடும்பத்தைக் காப்பாற்ற ஓடும் ஒரு வாப்பாவின் கதை. அப்பிள் நிறுவனம் இதைக் கேம் பிரிவில் சேர்க்க முதலில் மறுத்து, எதிர்ப்பு எழுந்த பிறகு ஏற்றுக்கொண்டது. அடுத்த கேமுக்குப் பல வருடங்கள் பணம் கிடைக்காமல், அவர் பருப்பு வறுத்து விற்கும் கடையொன்றை நடத்திவந்தார். 2024 இறுதியில் முஸ்லிம்கள் அதிகம் பயன்படுத்தும் லோன்ச்குட் என்ற தளம் மூலம் பொதுமக்களிடம் உதவி கேட்டார். சில வாரங்களில் சுமார் இரண்டு லட்சம் டொலர் சேர்ந்தது. அந்தக் கேமின் பெயர் 'ட்ரீம்ஸ் ஒன் எ பில்லோ', தலையணைமேல் கனவுகள்.

அடிப்படை ஒரு பலஸ்தீன நாட்டார் கதை. 1948 நக்பாவின்போது ஒரு தாய் பதறியடித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். தூரம் போய்ப் பார்த்தால் கையில் இருப்பது தலையணை. கேமில் அவள் பெயர் உம்மு, வேறொன்றுமில்லை. தன்தூராவிலிருந்து லெபனானுக்கு அவள் நடக்கிறாள். தலையணையை அணைத்திருந்தால் பயங்கரங்கள் அடங்கியிருக்கும், ஆனால் கைகள் கட்டுண்டுவிடும். கீழே வைத்தால் கைகள் விடுபடும், பயங்கரங்கள் திரும்பும். தலை சாய்த்து உறங்கும்போது நக்பாவுக்கு முந்திய பலஸ்தீன் கனவில் வருகிறது. திட்டமாக வெளியிட்டதை வைத்தே இவ்வளவும் சொல்கிறேன். முழுக் கேமையும் விளையாடிய பிறகே தீர்ப்புச் சொல்லவேண்டும். ஆனால் அந்த ஒரே விதி, அணைத்தால் ஆறுதல் வைத்தால் விடுதலை என்பது, ஒரு சமூகத்தின் எழுபது எண்பது வருட மனநிலையைச் சொல்லிவிடுகிறது. சிறுகதை இதைச் சொல்லலாம். கேமில் மட்டுமே அந்தத் தலையணையைக் கீழே வைக்கும் முடிவை நம் விரல் எடுக்கவேண்டியிருக்கிறது.

இது ரஷீத் தானே கண்ட கனவல்ல. ஆனாலும் வாற்கோதுமைச் சோதனையில் இது தோற்காது என்று நினைக்கிறேன். தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் சொல்லிவந்ததை, அந்தச் சமூகத்தவர் ஒருவர், அந்தச் சமூகத்தின் காசிலேயே, தன் பெயரைப் போட்டுச் சொல்கிறார்.

எங்கள் வீதி

நான் எழுதிக்கொண்டிருக்கும் ஹுன்னஸ்கிரிய, கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வீதியில் பனி மூடிய ஒரு சின்ன ஊர். கண்டியிலிருந்து இங்கே வரும் வழியில் திகனயும் தெல்தெனியவும் வரும். பழைய தெல்தெனிய நகரம் 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. தண்ணீர் வற்றும் வருடங்களில் பழைய சுவர்கள் தலை காட்டும். அந்தப் பழைய கடைத்தெருவில் இன்றும் கனவில் நடப்பதாகச் சொல்லும் பெரியவர்களை எனக்குத் தெரியும். "கடெ எல்லாம் தொறந்து ஈக்கி, சாமான் கேட்டா ஆரும் பேசுறல்ல" என்றார் ஒருவர். யுமே நிக்கியின் ஓர் உலகத்தை அவர் வர்ணிப்பதுபோல இருந்தது. அவர் அந்தக் கேமின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்.

அதே வீதியில்தான் 2018 மார்ச்சில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. எரிந்தவற்றை எண்ணினார்கள், படம் பிடித்தார்கள், அறிக்கை எழுதினார்கள். எல்லாம் தேவையான வேலைகள். ஆனால் நட்டஈட்டுப் படிவத்தில் கனவுக்கென்று ஒரு கட்டம் இல்லை. அன்று எட்டு வயதாக இருந்த பிள்ளைகள் இன்று வாலிபர்கள். இருட்டில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாக வரும் சத்தம் அவர்களுடைய உறக்கத்தில் இன்னும் வருகிறதா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கெட்ட கனவைச் சொல்ல வேண்டாம் என்ற புத்திமதியை நாம் சில வேளை வசதிக்காகவும் பிடித்துக்கொள்கிறோம். அந்தப் புத்திமதி ஷைத்தானின் கலக்கத்துக்கு. மனசு தனக்குத்தானே பேசும் மூன்றாம் வகையைக் கேட்க ஆள் வேண்டும்.

இந்தப் பிள்ளைகள் எல்லோரும் கதை எழுதப்போவதில்லை. ஆனால் அவர்கள் கையில் போன் இருக்கிறது, கேமின் மொழி அவர்களுக்குத் தாய்மொழிபோலத் தெரியும். கருவிகளும் இலவசம். ட்வைன் என்ற கருவியில் தமிழிலேயே எழுதி, கிளை பிரியும் கதையாகச் செய்யலாம். முடிவில் கிடைப்பது சாதாரண இணையப் பக்கம்தான், இணைப்பு இல்லாமலும் போனில் திறக்கும். பிட்ஸி என்ற இன்னொன்றில் சின்னச் சதுரப் படங்களை வரைந்து ஓர் அறையை, ஒரு வீதியை உண்டாக்கலாம். கனடாவில் புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து 2023இல் வந்த 'வெண்பா', அடுத்த வருடம் பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருதைப் பெற்றது. அது கனவைப் பற்றியதல்ல. ஆனால் தமிழ் எழுத்து, தமிழ் வீடு, தமிழ் அம்மா உலகத்துக்கு விளங்கும் என்பதைக் காட்டிவிட்டது. உம்மாவும் வாப்பாவும் விளங்காமல் போக நியாயமில்லை.

ஒரு நிபந்தனை மட்டும். எரிந்த வீட்டைப் பேய்வீடாக்கி விளையாட்டுக் காட்டுவதற்கு இந்த வடிவம் மிகச் சுலபமாக வளைந்துகொடுக்கும். இன்னொருவரின் துயரத்தைச் சொந்தக் கனவென்று விற்கவும் வளைந்துகொடுக்கும். ஆகவே செய்பவர் அந்த மூன்று கேள்விகளையும் முன்னால் வைத்துக்கொள்ளட்டும். யாருடையதோ அவருடைய அனுமதியும் பெயரும் வேண்டும், அவர் விரும்பாவிட்டால் மௌனம் வேண்டும். கண்டதற்கு மேலே ஒரு நிறமும் பூச வேண்டாம். முதலில் நேசிப்பவர்களிடம் காட்டட்டும்; உலகம் பிறகு பார்த்துக்கொள்ளும்.

விமர்சகர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. மன்னரின் கனவைக் கேட்ட சபையினர் குழப்பக் கனவென்று தள்ளிவிட்டார்கள். அந்தத் தள்ளுதலுக்குப் பிறகுதான் சிறையிலிருந்தவரை ஒருவர் தேடிப் போனார். அடுத்த சில வருடங்களில் நம் பிள்ளைகளில் ஒருவர் இப்படி ஒன்றைச் செய்து கொண்டுவந்தால், கேம்தானே என்று நாமும் அந்தச் சபையினரைப்போலத் தள்ளிவிடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, போனை வாங்கி, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நடந்து பார்க்கவேண்டும். பொருள் சொல்வது அதற்குப் பிறகு.